கடல் கடந்து வரும் வாயுக்கள்

2013-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் காலை 7 மணிக்கு மூவார் நகரில் காற்று மாசுக் குறியீடு 746 எனக் காட்டிற்று. 300-ஐத் தாண்டினாலே பேராபத்து. 500-ஐத் தாண்டினால் அவசரகாலம். அன்றே மூவார், லேடாங் மாவட்டங்களில் அது பிரகடனமாயிற்று. அப்புகை ஜோகூரில் எழுந்ததன்று. மலாக்கா நீரிணைக்கு அப்பால், சுமத்திராவில், இலைதழை மட்கிச் சேர்ந்த சதுப்பு நிலங்கள் எரிந்ததனால் வந்தது.

அந்த மண் சுவாலைவிட்டு எரிவதில்லை. போதிய பிராணவாயு கிடைக்காமல் நாட்கணக்கில் புகைந்து கிடக்கும். ஆகவே கார்பன் மோனாக்சைடும் மீத்தேனும் மிகுதியாக வெளிப்படுகின்றன. நம் கண்ணுக்குத் தெரிந்த மூட்டமோ துகள்களால் ஆனது. நல்ல மழை பெய்தால் தரையில் இறங்கிவிடும். நீரில் எளிதிற் கரையாத கார்பன் மோனாக்சைடு ஓரிரு திங்கள் வானில் உலவும். மீத்தேன் ஏறத்தாழப் பத்தாண்டு. ஒரு வாயு செல்லும் தொலைவைக் காற்றின் வேகம் மட்டுமன்று, அவ்வாயுவின் ஆயுளும் தீர்மானிக்கிறது.

ஜோகூரின் மேற்குக் கரைக்கு நேர்ந்தது இது. கிழக்குக் கரைக்கு, மெர்சிங் பக்கம், ஆண்டிறுதியில் வேறொரு காற்று வருகிறது. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல் என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். வடகிழக்குப் பருவக்காற்று இரண்டுக்கும் இடைப்பட்டது. (மூவாருக்குப் புகை கொணர்ந்த காற்றைத் தென்றல் என்றழைக்க நமக்கு நா எழவில்லை!)

இப்பருவத்தில் கிழக்காசியக் குளிர்காற்று திடீரெனப் பெருகி, சில நாட்களிலேயே தென் சீனக் கடலைக் கடந்துவிடுகிறது. கிளந்தானில், பாச்சோக்கிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகக் கடலாய்வு நிலையத்தில் 2013-14-இல் அக்காற்றைக் கலங்களிற் பிடித்துச் சோதித்தனர். டைகுளோரோமீத்தேன் முதலிய குளோரின் சேர்மங்கள் மிகுந்திருந்தன. முடிவுகள் 2017-இல் வெளியாயின. அக்காற்றே தெற்கே மெர்சிங்கையும் தொடுகிறது.

டைகுளோரோமீத்தேன் பழைய வண்ணப்பூச்சை நீக்கவும் உதவும் ஒரு கரைப்பான். அதன் ஆயுள் ஐந்தாறு திங்களே. இவ்வளவு குறுகிய ஆயுளுடையது ஓசோன் படலத்தை எட்டாது என்று கருதப்பட்டது; 1987-ஆம் ஆண்டின் மாண்ட்ரீல் உடன்பாடு அதைக் கட்டுப்படுத்தவில்லை. ஆனால் நம் வெப்பக்கடல்களின்மேல் எழும் இடிமேகங்கள் கீழ்க்காற்றைப் 15 கிலோமீட்டர் உயரத்துக்கும் தூக்கிவிடவல்லவை. வடக்கே தங்கியிருந்தால் வழியிலேயே சிதைந்துபோகக்கூடிய வாயுவுக்கு இங்கே ஓர் ஏணி கிடைத்துவிடுகிறது. அதன் அளவு இப்படியே பெருகினால் தென்துருவத்து ஓசோன் துளை மூடுவது பல ஆண்டுகள் தள்ளிப்போகலாம் என்று கணித்தோர் உளர். மூவாரில் 746 காட்டிய குறியீட்டிலோ இவ்வாயுவுக்கு இடமே இல்லை.