குப்பைப் பெட்டிக்குள் ஒரு தடயம்

ஜிமெயிலின் ஸ்பேம் ஃபோல்டருக்குள் போய் விழும் கடிதத்துக்கு ஆயுள் 30 நாள். அதற்குமேல் கூகுளே அழித்துவிடும். அந்த 30 நாளில் நம்மில் பெரும்பாலோர் ஒருமுறைகூட அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. எட்டிப் பார்ப்பவர்களும், வேலைக்கு அழைத்த கடிதமோ ரயில் டிக்கெட்டோ தவறிப்போய் அங்கே கிடக்கிறதா என்று தேடத்தான் போகிறார்கள். 'உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டது', 'வருமான வரி ரீஃபண்ட் காத்திருக்கிறது', 'உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது' என்று வரிசையாகக் கிடக்கும் மற்றவற்றைப் பார்த்துவிட்டு, நல்லவேளை, இன்பாக்ஸுக்கு வரவில்லை என்று வெளியே வந்துவிடுகிறோம்.

வடிகட்டி பிடித்துவிட்டது, நமக்குத் தொல்லை இல்லை. ஆனால் அனுப்பியவனுக்கும் தொல்லை இல்லை. எந்த சர்வரிலிருந்து அனுப்பினானோ அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அவன் கட்டி வைத்த போலி வங்கிப் பக்கம் திறந்தேதான் இருக்கிறது. நம் ஸ்பேம் ஃபோல்டரில் விழுந்த அதே கடிதம், சுமாரான வடிகட்டி வைத்திருக்கும் ஒரு சிறு கம்பெனியில் கணக்கு எழுதுபவருக்கு நேராக இன்பாக்ஸிலேயே போய் நிற்கும். அவர் கிளிக் செய்வார்.

'அதுதான் ரிப்போர்ட் ஸ்பேம் பொத்தானை அழுத்துகிறோமே' என்று கேட்கலாம். அந்தப் பொத்தானைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2024 பிப்ரவரியிலிருந்து, ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அஞ்சல் அனுப்புபவர்கள் தங்கள் மீதான ஸ்பேம் புகாரை 0.3 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் விதி போட்டிருக்கிறது. ஆயிரம் பேரில் மூன்று பேர் பொத்தானை அழுத்தினால் ஒரு பெரிய வணிக நிறுவனத்தின் அஞ்சல் பிரிவே ஆடிப்போகும். ஆனால் இந்த மிரட்டல் வேலை செய்வது, நாளைக்கும் அதே பெயரில் கடை திறந்து வைக்க வேண்டியவர்களிடம்தான். மோசடிக்காரனுக்குப் பெயரே வாடகைப் பெயர். தவிர, நம் பொத்தான் பேசுவது நம் அஞ்சல் நிறுவனத்தோடு மட்டும். அவனுக்கு இடம் கொடுத்திருக்கும் நிறுவனத்துக்கு அந்தச் சத்தம் கேட்பதில்லை. கேட்க வைக்க வேண்டுமென்றால் கடிதத்தை அந்தக் குப்பையிலிருந்து முழுசாக வெளியே எடுக்க வேண்டும்.

முழுசாக என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. பலரும் செய்வது, கடிதத்தைத் திறந்து ஃபார்வர்டு அடிப்பது. அப்படி ஃபார்வர்டு ஆகிப் போவது நாம் எழுதிய ஒரு புதுக் கடிதம். பழைய கடிதத்தின் எழுத்து மட்டும் அதன் வயிற்றில் இருக்கும். அது எங்கிருந்து கிளம்பி எந்த வழியாக வந்தது என்பதைச் சொல்லும் தலைப்பகுதி, அதாவது ஹெடர், வழியிலேயே உதிர்ந்துவிடும். ஸ்கிரீன்ஷாட்டும் அப்படித்தான். புகாரைப் பெறும் பொறியாளருக்கு வேண்டியது ஹெடர். கடிதத்தில் என்ன கதை விட்டிருக்கிறான் என்பது அவருக்கு இரண்டாம் பட்சம்.

இன்னொரு தப்பான வழி, 'நாட் ஸ்பேம்' என்பதை அழுத்திக் கடிதத்தை இன்பாக்ஸுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து வேலையைத் தொடங்குவது. அந்த அழுத்தலை வடிகட்டி பாடமாக எடுத்துக்கொள்ளும்: இந்த மாதிரிக் கடிதம் இவருக்கு வேண்டியது. அடுத்த முறை அதே ஆள் அனுப்பினால் ராஜ மரியாதையோடு உள்ளே விடும்.

கடிதத்தை அங்கிருந்து நகர்த்தவே தேவையில்லை. கணினியில் ஜிமெயிலைத் திறந்து, ஸ்பேம் ஃபோல்டரில் இருக்கும் கடிதத்தின் வலது ஓரத்து மூன்று புள்ளியை அழுத்தினால் 'ஷோ ஒரிஜினல்' என்று ஒன்று வரும். அழுத்தினால் புதுப் பக்கத்தில் கடிதத்தின் மூலம் அப்படியே விரியும். அங்கேயே பிரதி எடுத்துக்கொள்ளலாம், கோப்பாகவும் இறக்கிக்கொள்ளலாம். யாஹூவில் இதன் பெயர் 'வியூ ரா மெசேஜ்', அவுட்லுக்கில் 'வியூ மெசேஜ் சோர்ஸ்'. பெயர்தான் வேறு, சரக்கு ஒன்றே. கைபேசியின் ஜிமெயில் செயலியில் இந்த வசதியே கிடையாது. கோடிக்கணக்கானவர்கள் அஞ்சல் பார்ப்பதே கைபேசியில்தான் என்று தெரிந்தும் இதை ஏன் வைக்கவில்லை என்பதற்கு எனக்கு நல்ல பதில் தோன்றவில்லை.

தண்டர்பேர்டு போன்ற மென்பொருளில் அஞ்சல் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பாப் முறையில் இணைத்திருந்தால் ஜிமெயில் தன் ஸ்பேமை வெளியே கொடுக்காது. ஐமேப் முறையில் இணைத்திருந்தால், மற்ற ஃபோல்டர்களைப் போல ஸ்பேமும் கண்ணுக்குத் தெரியும். அங்கிருந்தே கடிதத்தை இணைப்பாக வைத்து அனுப்பிவிடலாம். நிறையப் புகார் கொடுப்பவர்கள் இந்த வழியில்தான் போகிறார்கள்.

இனி அந்த ஹெடர். தபால் உறையில் ஒவ்வொரு அஞ்சலகத்திலும் ஒரு முத்திரை விழுவதுபோல, மின்னஞ்சல் கடக்கும் ஒவ்வொரு சர்வரும் 'ரிசீவ்டு' என்று தொடங்கும் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு அடுத்த சர்வருக்குத் தள்ளிவிடும். புது வரி எப்போதும் மேலே ஏறும். ஆகவே பயணத்தின் தொடக்கம் அடியில் இருக்கும், முடிவு உச்சியில். இது தெரிந்தவுடன் எல்லோரும் அடியில் இருக்கும் வரிக்கு ஓடுவார்கள், குற்றவாளி அங்கேதானே இருக்கிறான் என்று. அவனும் அதைத்தான் எதிர்பார்க்கிறான். அனுப்பும் முன்பே இரண்டு மூன்று போலி ரிசீவ்டு வரிகளை அவனே எழுதிச் செருகிவைக்க முடியும். ஏதோ ஒரு நாட்டின் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்ததுபோல.

படிக்க வேண்டியது மேலிருந்து. உச்சியில் இருப்பவை நம் அஞ்சல் நிறுவனத்தின் சொந்த சர்வர்கள் எழுதியவை, அவற்றை நம்பலாம். 10 என்றோ 192.168 என்றோ தொடங்கும் ஐபி எண்கள் வந்தால் அவை வீட்டுக்குள் புழங்கும் எண்கள், தாண்டிப் போய்விடலாம். இப்படி இறங்கிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில், வெளியாள் ஒருவர் நம் அஞ்சல் நிறுவனத்தின் வாசலில் கடிதத்தைக் கொடுத்த வரி வரும். அந்த ஒரு வரிதான் மொத்தப் புகாரையும் தாங்கி நிற்பது. அதிலும் இரண்டு விஷயம் இருக்கும்: வந்தவன் தன் பெயர் என்று சொல்லிக்கொண்டது ஒன்று, அவன் எந்த ஐபி எண்ணிலிருந்து இணைந்தான் என்று வாசலில் இருந்தவர் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொண்டது இன்னொன்று. முதலாவது வெறும் பேச்சு. பிரபல வங்கியின் சர்வர் என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதைப் பொய்யாக்குவது நடைமுறையில் முடியாத காரியம், ஏனென்றால் பதில் போய்ச் சேராத எண்ணிலிருந்து உரையாடலை நடத்தவே முடியாது. அதற்குக் கீழே இருக்கும் வரிகள் உண்மையாகவும் இருக்கலாம், கற்பனையாகவும் இருக்கலாம்.

பக்கத்திலேயே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று சோதனைகளின் முடிவும் இருக்கும். மூன்றிலும் 'பாஸ்' என்று இருந்தால் கடிதம் நல்லது என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தச் சோதனைகள் சொல்வது, எந்த டொமைன் பெயரில் வந்ததோ அந்த டொமைனின் சம்மதத்தோடுதான் வந்தது என்பதை மட்டுமே. வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி ஒரு டொமைனைக் காசு கொடுத்து வாங்கியவன், தனக்குத்தானே சம்மதம் கொடுத்துக்கொண்டு மூன்றிலும் தேறிவிடுவான்.

தமிழில் வரும் ஸ்பேமின் மூலத்தைத் திறப்பவர்கள் முதலில் பயந்துவிடுவார்கள். தமிழ் எழுத்து ஒன்றுகூட இருக்காது. ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து பக்கம் பக்கமாக ஓடும். கோப்பு கெட்டுவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். யூனிகோட் எழுத்துகளை அஞ்சல் வழியே பத்திரமாகக் கொண்டுபோக பேஸ்64 என்ற முறையில் கட்டி அனுப்புவார்கள், அதன் தோற்றம் அது. புரியவில்லையே என்று வெட்டவோ சீர்செய்யவோ கூடாது. ஒரு வரி மாறினாலும் டிகிம் கையெழுத்து ஒத்துவராமல் போகலாம்.

எடுத்த கடிதத்தை எங்கே கொடுப்பது? 1997-லேயே இணையத் தரநிலை ஒன்று, ஒவ்வொரு நிறுவனமும் தன் டொமைனில் 'அப்யூஸ்' என்ற பெயரில் ஒரு புகார் முகவரி வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஐபி எண் யாருடையது என்பதை ஹூயிஸ் பதிவேட்டில் தேடலாம். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் எல்லாம் வரும் ஆசிய பசிபிக் பகுதிக்கு அந்தப் பதிவேட்டை நடத்துவது பிரிஸ்பேனில் இருக்கும் ஏப்நிக்.

ஒவ்வொரு கடிதத்துக்கும் இத்தனை வேலையா என்று அலுத்துக்கொண்டவர்களுக்காகவே 1998-இல் ஜூலியன் ஹெய்ட் என்ற அமெரிக்கர் ஸ்பேம்காப் சேவையைத் தொடங்கினார். மூலத்தைக் கொண்டுபோய் ஒட்டினால் போதும். அதுவே ஹெடரைப் படித்து, அந்த வாசல் வரியைக் கண்டுபிடித்து, உரிய நிறுவனத்துக்குப் புகார் எழுதும். நம் முகவரியையும் முடிந்தவரை மறைத்துவிடும். மறைப்பதற்குக் காரணம் உண்டு. புகார் கொடுத்தவரை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு மற்றவர்களுக்குத் தொடர்ந்து அனுப்புவது ஸ்பேம்காரர்களின் பழைய தந்திரம். சேர்ந்த புகார்களை வைத்து ஸ்பேம்காப் ஒரு தடைப் பட்டியலும் நடத்துகிறது. உலகெங்கும் அஞ்சல் சர்வர்கள் அதைப் பார்த்துக் கதவைச் சாத்துகின்றன. 2003-இல் அது அயர்ன்போர்ட் நிறுவனத்திடம் போனது, 2007-இல் அயர்ன்போர்ட்டோடு சேர்ந்து சிஸ்கோவிடம் போனது. அவ்வளவு பெரிய கம்பெனி 2021 ஜனவரி கடைசியில் ஸ்பேம்காப்பின் டொமைனைப் புதுப்பிக்க மறந்துவிட்டது. பட்டியலைக் கேட்டவர்களுக்கெல்லாம் 'ஆம், இவன் ஸ்பேம்காரன்' என்றே பதில் போக, ஒரு பாவமும் அறியாத அஞ்சல்கள் ஊர் ஊராகத் திரும்பின.

ஸ்பேம்காப்பில் ஒரு கண்டிப்பு: கடிதம் வந்து இரண்டு நாள் தாண்டிவிட்டால் ஏற்காது. கிடுகிடுவென்று இடம் மாறும் தொழிலில் பழைய புகாரால் பயனில்லை. ஆகவே மாதத்துக்கு ஒருமுறை ஸ்பேம் ஃபோல்டரை அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டுவது வீண். அன்றன்றைக்கு வந்ததில், வங்கி பெயரிலோ அரசுத் துறை பெயரிலோ வந்த மோசடி ஒன்றிரண்டை எடுத்தால் போதும். நாமே எப்போதோ பதிந்துகொண்ட துணிக்கடை விளம்பரத்தை இதில் சேர்க்கக் கூடாது. அதற்கு அன்சப்ஸ்கிரைப் இருக்கிறது.

இதனால் எல்லாம் ஏதாவது நடக்குமா? ஒவ்வொரு புகாருக்கும் நடக்காது. பல புகார்கள் யாரும் திறக்காத பெட்டியில் போய் விழும். சில, ஸ்பேம்காரனுக்குத் தெரிந்தே இடம் கொடுக்கும் நிறுவனத்திடமே போகும். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் மெக்கோலோ என்று அப்படி ஒரு நிறுவனம் இருந்தது. ஸ்ரிஸ்பி, ரஸ்டாக் போன்ற பாட்நெட்களுக்கு, அதாவது உரிமையாளருக்கே தெரியாமல் ஸ்பேம் அனுப்பும் லட்சக்கணக்கான கணினிகளுக்கு, ஆணை பிறப்பிக்கும் சர்வர்கள் அங்கேதான் இருந்தன. மெக்கோலோவிடம் முறையிட்டுப் பயனில்லை என்று தெரிந்த ஆய்வாளர்கள் ஆதாரங்களைச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் எழுதிவந்த பிரையன் கிரெப்ஸ் அவற்றை எடுத்துக்கொண்டு, மெக்கோலோவுக்கே இணைய இணைப்பு கொடுத்துவந்த இரண்டு பெரிய நிறுவனங்களிடம் போனார். 2008 நவம்பர் 11 அன்று இணைப்பு துண்டிக்கப்பட்டது. உலகத்தின் மொத்த ஸ்பேமில் பாதிக்கும் மேல் ஏறக்குறைய ஒரே நாளில் காணாமல்போனது. சில மாதங்களில் வேறு வழிகளில் திரும்பி வந்துவிட்டது என்பதும் உண்மை. ஆனாலும் வாசலில் கதவைத் திறக்க மறுத்தால் திரும்பிவிடாமல், மேலே இருப்பவரிடம் போகலாம் என்று அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

இந்தியாவில் சட்டம் இந்த விஷயத்தில் ஓட்டையாகத்தான் இருக்கிறது. எஸ்எம்எஸ், தொலைபேசித் தொல்லைக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளும் 1909 என்ற புகார் எண்ணும் உண்டு. மின்னஞ்சல் ஸ்பேமுக்கென்று தனிச் சட்டம் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில், தொல்லை தரும் நோக்கில் அனுப்புவதையும் எங்கிருந்து வந்தது என்று ஏமாற்றுவதையும் குறிப்பிடும் உட்பிரிவு ஒன்று இருந்தது. முகநூல் பதிவுக்கெல்லாம் ஆளைப் பிடித்து உள்ளே வைக்கப் பயன்பட்டதால் அந்தப் பிரிவையே உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. ரத்தானது சரிதான். ஆனால் அந்த ஓர் உட்பிரிவு போன இடத்தை நிரப்ப அதற்குப் பிறகு யாரும் மெனக்கெடவில்லை. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி பிரிவு இருக்கிறது, மூன்று ஆண்டு வரை சிறை. அதற்கு ஏமாற்று வேலை என்று காட்டியாக வேண்டும்.

பணம் போய்விட்டது என்றால் வரிசை மாறுகிறது. முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும், பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் எழுத்துப் புகார். பெரும்பாலோர் அங்கே வங்கிக் குறுஞ்செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டை ஏற்றுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். மோசடியைத் தொடங்கிவைத்த அஞ்சலின் மூலக் கோப்பை இறக்கி, பெயர் மாற்றாமல் வைத்துக்கொண்டு, விசாரணை அதிகாரி கேட்கும்போது கொடுத்தால் அவருக்கு ஓர் ஐபி எண்ணும் ஒரு நேரமும் கையில் கிடைக்கும். அதுவரை, எரிச்சலில் ஸ்பேம் ஃபோல்டரின் மேலே இருக்கும் 'எல்லாவற்றையும் அழி' என்பதை மட்டும் தொட வேண்டாம். அங்கே அழித்தது டிராஷுக்குப் போகாது, நேரே போய்விடும்.