திரையொளியும் கண்ணின் கணக்கும்



வல்லக்கோட்டை என்றதும் முருகன் திருக்கோயில் நினைவுக்கு வருவது இயல்பு. அவ்வூரைச் சூழ்ந்த திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் இன்று தொழிற்சாலைகளாலும் பெயர் பெற்றுள்ளது. நாம் பயன்படுத்தும் கைப்பேசிகளுள் பல திருப்பெரும்புதூர்ப் பகுதியில் உருவாகின்றன. அக்கைப்பேசியின் திரையில் ஒளி ஏறி இறங்க வேண்டிய முறையைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

விடியுமுன் இருளில் ஓர் இளைஞன் தொழிற்சாலைப் பேருந்தில் ஏற நிற்கிறான் என்று கொள்வோம். பயணச்சீட்டின் கியூ.ஆர். குறியைக் காட்டச் செயலியைத் திறக்கிறான். கருவி அக்குறியை எளிதிற் படிக்கும்பொருட்டுச் செயலி திரையொளியை ஒரே வீச்சில் உயர்த்துகிறது. இருளுக்குப் பழகிய கண் கூசுகிறது. படியில் கால் வைக்கும் வேளையில் அக்கூச்சம் தீங்காகவும் முடியலாம். ஆதலின் ஒளியைப் படிப்படியாகவே உயர்த்துதல் வேண்டும். அப்படிகள் எத்தகையனவாக இருத்தல் வேண்டும்?

ஒளியளவு 4-இலிருந்து 64 ஆக வேண்டும் எனக் கொள்வோம். ஒவ்வொரு படிக்கும் 15 கூட்டினால் 4, 19, 34, 49, 64 என வரும். கணக்கில் இவை சமமான படிகள், கண்ணுக்கோ அல்ல. முதற்படியில் ஒளி ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது. இறுதிப்படியில் மூன்றில் ஒரு பங்குகூட மிகவில்லை. முதலில் பாய்ச்சல், பின்னர்த் தேக்கம். கூட்டாமல் இரட்டித்துப் பாருங்கள்: 4, 8, 16, 32, 64. இப்போது படிகள் ஏறத்தாழ ஒத்த அளவினவாகத் தோன்றும். ஓர் அகல் எரியும் அறையில் இன்னோர் அகலை ஏற்றினால் மாற்றம் விளங்கும். நூறு அகல்களோடு ஒன்று கூடினால் யார் அறிவார்? கண் பெரும்பாலும் விகிதத்தையே உணர்கிறது. ஜெர்மானிய அறிஞர் ஃபெக்னர் 1860-இல் இக்கருத்தை விதியாக வகுத்தார்.

இவ்வுண்மைக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்புண்டு. வெறுங்கண்ணாற் காணும் விண்மீன்களைப் பண்டையோர் ஆறு தரங்களாகப் பிரித்திருந்தனர். முதல் தர விண்மீன் ஆறாம் தரத்தினும் 100 மடங்கு ஒளியுடையது எனக் கொண்டு, அடுத்தடுத்த தரங்களுக்கிடையே ஏறத்தாழ 2.512 மடங்கு என்னும் அளவை 1856-இல் நார்மன் போக்சன் முன்மொழிந்தார். அவரே 1861 முதல் 1891-இல் மறையும் வரை சென்னை வானாய்வு நிலையத்தில் பணியாற்றியவர். கண் சமமெனக் கண்ட தரங்களைச் சம விகிதங்களாக அவர் வகுத்தார்.

இனிக் கைப்பேசிக்கு வருவோம். பல திரைகள் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. அரை நொடிக்கு 30 முறை. ஒவ்வொரு முறையும் ஒளியை 1.097-ஆல் பெருக்கினால், 4 அரை நொடியில் ஏறத்தாழ 64 ஆகும். தனித்தனிப் படிகள் தோன்றாது, ஒரே ஓட்டமாக ஒளி மலரும். இறங்குகையில் அதே எண்ணால் வகுத்தல் வேண்டும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. பூச்சியத்தை எத்தனை முறை பெருக்கினும் பூச்சியமே. ஆதலின் தொடக்கம் சிறிதேனும் ஒளியுடையதாக இருத்தல் வேண்டும். இடையில் பயனர் திரும்பினால், அப்போதுள்ள ஒளியிலிருந்தே இறங்குதல் வேண்டும். வேலை முடிந்ததும் அவர் முன்பு வைத்திருந்த அளவை மீட்டளித்தல் கடமை. சில கைப்பேசிகளில் அமைப்பெண்ணும் உண்மை ஒளியும் ஒரே விகிதத்தில் மாறுவதில்லை. அதனையும் அளந்தறிதல் நன்று.

பொறியை ஆக்குவோர் அதனைப் பார்க்கும் கண்ணையும் அறிந்திருத்தல் வேண்டும். நீங்களும் ஒன்று செய்து பாருங்கள்: 4-இலிருந்து 324-க்கு, கண்ணுக்கு ஒத்த நான்கு படிகளில் ஏற, ஒவ்வொரு படியும் எத்தனை மடங்கு?