பழைய ஆடையும் புதிய ஆக்கமும்

கல்லூரி விழா மேடையிலே பரதம் ஆடும் மாணவியர் அணியும் உடை தொன்றுதொட்டு இவ்வாறே வந்தது என நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அஃது அவ்வாறன்று. ஊர் வழக்கை மீறிய ஒரு பெண்மணி, பழமையை உற்றுநோக்கி வகுத்த வழியில் வளர்ந்ததே அவ்வுடை. அவர் ருக்மிணிதேவி அருண்டேல்.

1904 இல் மதுரையிற் பிறந்த இவர், 1920 இல் ஆங்கிலேயரான ஜோர்ஜ் அருண்டேலை மணந்து பலரின் கண்டனத்துக்கு ஆளானார். பின்னர், தம் குலத்துப் பெண்கள் அணுகலாகாது என விலக்கப்பட்டிருந்த சதிராட்டத்தைப் பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் பயின்று, 1935 இல் அடையாற்றில் மேடையேறினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரம் பிறந்தது.

எதனை உடுத்து ஆடுவது என்பதே அவர்முன் நின்ற வினா. அந்நாளில் ஆடுவோர் காற்சட்டைமேற் கனத்த சேலையைச் சுற்றி அணிவது வழக்கம். ருக்மிணிதேவியோ கோயிற் சிற்பங்களை நோக்கினார். கல்லிற் செதுக்கிய ஆடை மடிப்புகள் உடலின் நிலையை மறையாது காட்டுவன. எனினும் அவர் சிற்பத்தை அப்படியே படியெடுத்தாரல்லர். சிலை அசையாது, ஆடுபவருக்கோ நழுவாத உடை வேண்டும். ஆதலின், இத்தாலிய மாது ஒருவரின் தையற்றிறனைத் துணைக்கொண்டு, அச்சாயலைத் தைத்த உடையாக ஆக்கினார்.

அவர் நிறுவிய நெசவுக்கூடத்தில் பழஞ்சேலைகளின் கரைகளும் வண்ணச் சேர்க்கைகளும் மீண்டும் தறியேறின. அவற்றுட் சிறந்தது கோர்வை. சேலையின் உடலும் இரு கரைகளும் வெவ்வேறு நிறமாக, மூன்று நாடாக்களால் ஊடையிழைகள் பிணையுமாறு நெய்வது அது. ஒரு தறிக்கு இருவர் உழைப்பு வேண்டும்.

ஒன்றை மறைத்தலாகாது. சதிரைத் தலைமுறைகளாகக் காத்தோர் தேவதாசிக் குலத்தார். அம்மரபில் வந்த பாலசரஸ்வதி, ஆட்டத்தைத் தூய்மைப்படுத்தியதாகச் சொல்லப்பட்டதை ஏற்கவில்லை. தூய்மை அதில் முன்னரே உண்டு என்பது அவர் கருத்து. பழமையிலிருந்து எடுப்போர், எவரிடமிருந்து எடுத்தோம் என்பதை மறத்தல் தகாது.

இவற்றை வன்னியிலிருந்து எழுதுங்கால் எமது நெஞ்சு கனக்கின்றது. கூறைச்சேலையும் அம்மம்மாவின் பட்டும் இருந்த பெட்டிகள், 2009 வரை நீண்ட போரின் இடப்பெயர்வுகளிற் பல வீடுகளுக்கு இல்லாதொழிந்தன. கல் நிலைத்தது போல் துணி நிலைப்பதில்லை. ஆதலின், மாணவர்காள், பழஞ்சேலை ஒன்றேனும் வீட்டில் எஞ்சியிருப்பின் அதன் கரையை வரைந்து வையுங்கள். இல்லையேல், அம்மம்மா, அப்பாச்சிமார் எதனை எவ்வாறு உடுத்தனர் எனக் கேட்டு எழுதுங்கள். கடல்கடந்து வாழும் பழைய மாணவர்கள் தம்மிடமுள்ள பழைய படங்களின் பிரதிகளைக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்புவார்களாக. நாளை வழக்கத்தை மீறிப் புதியது படைக்க எழும் ஒருவருக்கு, திரும்பிப் பார்ப்பதற்கு நம்மூரிலும் ஏதேனும் இருத்தல் வேண்டும்.