பொரிப் பொட்டலம்

கரிமண் குறிப்புகள் – 14

ஆயுத பூஜை அன்று அப்பா முதல் ஷிப்ட் முடித்து வரும்போது சைக்கிள் கேரியரில் ஒரு செய்தித்தாள் பொட்டலம் இருக்கும். பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், ஒரு வாழைப்பழம். பழத்தின் தோலில் சந்தனமும் குங்குமமும் ஒட்டியிருக்கும். அந்தப் பொட்டலம் வாசற்படியைத் தாண்டலாமா கூடாதா என்று கிறிஸ்தவர்களான எங்கள் குவார்ட்டர்ஸ் வீட்டில் வருடம் தவறாமல் ஒரு வழக்கு நடக்கும்.

"படைச்சது வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்பது பாட்டியின் கட்சி.

"பவுல் அதை ஒரு பொருட்டாவே எடுத்துக்கலையே, அத்தே" என்பது அம்மாவின் கட்சி.

இருவருக்கும் ஆதாரம் வேதாகமத்தில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய ஒரே நிருபம்தான். கொரிந்து பட்டணத்துச் சந்தை இறைச்சியில் கோயில்களில் பலியிட்டதும் கலந்திருந்தது. அதை வாங்கிச் சாப்பிடலாமா என்று அங்கிருந்த கிறிஸ்தவர்களுக்குள் தகராறு. பவுலின் பதிலில் இரண்டு பாதி உண்டு. சாப்பிடுவதில் குற்றமில்லை. ஆனால் பக்கத்தில் இருப்பவரின் மனசாட்சி அதனால் இடறும் என்றால் விட்டுவிட வேண்டும். அம்மா முதல் பாதியைப் பிடித்துக்கொண்டார். அப்பா இரண்டையும் நிறைவேற்றினார். பொட்டலம் வீட்டுக்குள் போகாது. வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நாங்களே தின்று தீர்ப்போம். பாட்டி ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்பா வேலை செய்த நெய்வேலிச் சுரங்கத்து ஆயுத பூஜை வீட்டு பூஜை போன்றதல்ல. பல மாடி உயரத்துக்கு நிற்கும் பக்கெட் வீல் இயந்திரத்தைச் சேறு போகக் கழுவி, அதன் சக்கரத்துக்குச் சந்தனம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். ஒரு சறுக்கல், ஒரு அறுந்த கம்பி போதும், ஆள் இருக்க மாட்டான். அப்படிப்பட்ட இயந்திரத்தின் முன்னால் மனிதன் கைகூப்புவது எனக்கு இன்றும் வியப்பாக இல்லை. அப்பா அந்தக் கூட்டத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். கற்பூரத் தட்டு அவரிடம் வரும்போது, பூஜை போடும் சக தொழிலாளி தட்டைத் தானாகவே அடுத்தவர் பக்கம் திருப்பிவிடுவார். "அண்ணனுக்குப் பொரி மட்டும் குடுங்கப்பா." அவ்வளவுதான். இதற்கு எந்தச் சுற்றறிக்கையும் வந்ததில்லை.

இந்தப் பழைய காட்சி திரும்ப நினைவுக்கு வந்தது 2025 நவம்பர் 25 அன்று. கிறிஸ்தவரான ராணுவ அதிகாரி சாமுவேல் கமலேசன் தன் வேலைநீக்கத்தை எதிர்த்துப் போட்ட மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்த நாள் அது.

அவர் 2017இல் லெப்டினன்ட்டாகப் பொறுப்பேற்றவர். சேர்ந்தது 3வது கேவல்ரி ரெஜிமென்ட். அவர் தலைமையில் இருந்தவர்கள் சீக்கிய வீரர்கள். அங்கே வாரந்தோறும் மத அணிவகுப்பு உண்டு. ரெஜிமென்ட்டுக்கென ஒரு கோயிலும் ஒரு குருத்வாராவும் இருந்தன. வீரர்களோடு போவதற்கு அவர் மறுக்கவில்லை. ஷூவையும் பெல்ட்டையும் கழற்றி, தேவைப்பட்டால் தலைப்பாகையும் கட்டி, முற்றத்தில் அவர்களோடு நிற்பதாகச் சொன்னார். கருவறைக்குள் போய் ஆரத்தியில் பங்கெடுப்பதிலிருந்து மட்டும் விலக்குக் கேட்டார். மேலதிகாரிகள் பலமுறை பேசிப் பார்த்தார்கள். கிறிஸ்தவப் போதகர்களை விட்டும் பேச வைத்தார்கள். 2021 மார்ச் 3 அன்று ஓய்வூதியமும் பணிக்கொடையும் இல்லாமல் வேலைநீக்கம் செய்யப்பட்டார்.

2025 மே 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவைச் சரி என்றது. இது மதச் சுதந்திரப் பிரச்சினை அல்ல, மேலதிகாரியின் சட்டபூர்வமான கட்டளைக்குக் கீழ்ப்படிகிற பிரச்சினை என்பது அதன் பார்வை. உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சூர்ய காந்தும் நீதிபதி ஜோய்மால்யா பாக்சியும் இன்னும் கடுமையாகப் பேசினார்கள். தன் வீரர்களின் உணர்வை மதிக்காதவர் ராணுவத்துக்கே பொருந்தாதவர் என்கிற அளவுக்குப் போனது. உள்ளே போவதில் தவறில்லை என்று போதகரே சொன்ன பிறகு உமக்கென்ன தனிக் கருத்து என்றும் கேள்வி வந்தது.

எதிர்த் தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நம் ரெஜிமென்ட்டுகள் பலவற்றின் போர் முழக்கத்திலேயே தெய்வத்தின் பெயர் இருக்கிறது. சாகத் துணிந்து ஓடுகிறவனுக்கு அந்தப் பெயர்தான் தைரியம். முன்னால் ஓட வேண்டிய அதிகாரி வாசலிலேயே நின்றுவிட்டால், இவர் நம்மவரா என்று ஒரு வீரன் நினைக்கலாம். ராணுவத்தினரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தரும் 33வது பிரிவு அரசியலமைப்பில் இருப்பது காரணமில்லாமல் அல்ல.

ஆனால் அந்தப் போதகர் விஷயம் என்னை உறுத்துகிறது. ஏனென்றால் வேறு தெய்வத்தின் முன்னால் குனியலாமா என்கிற இதே கேள்விக்கு வேதாகமத்தில் இரண்டு பதில்கள் இருக்கின்றன.

முதல் பதிலைத் தருபவர் நாகமான். அவரும் ராணுவத்துக்காரர்தான், சீரியாவின் படைத்தலைவர். குஷ்டம் நீங்கி, இஸ்ரவேலின் கடவுளை நம்பத் தொடங்கியதும் எலிசா தீர்க்கதரிசியிடம் ஒரு சங்கடத்தைச் சொல்கிறார். என் ராஜா ரிம்மோன் கோயிலுக்குப் போகும்போது என் கையில் சாய்ந்துகொண்டுதான் போவார்; அவர் குனிந்தால் நானும் குனிந்தாக வேண்டும்; அதைக் கடவுள் மன்னிப்பாரா? எலிசா அவரைக் கடிந்துகொள்ளவில்லை. சமாதானத்தோடு அனுப்பிவைத்தார்.

இரண்டாவது பதில் தானியேலின் புத்தகத்தில். சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும் பாபிலோன் அரசின் அதிகாரிகள். ராஜா நிறுத்திய பொற்சிலையின் முன் விழ மாட்டோம் என்றார்கள். சூளைக்குள் போனார்கள். கடவுள் அவர்கள் பக்கம் நின்றார்.

ஓய்வுநாள் பள்ளியில் இரண்டு கதைகளையும் ஒரே டீச்சர்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். நாகமான் கோழை என்றோ, அந்த மூவரும் பிடிவாதக்காரர்கள் என்றோ அவர் சொன்னதில்லை. வேதமும் சொல்லவில்லை. ஆகவே ஒரு கிறிஸ்தவருக்குக் கருவறை வாசலைத் தாண்ட முடிகிறது என்பதால் இன்னொரு கிறிஸ்தவரும் தாண்டியாக வேண்டும் என்று ஆகிவிடாது. கோடு எங்கே என்பதை அவரவர் மனசாட்சிதான் கடவுளின் முன்னால் வரைய முடியும். போதகரால்கூட வரைய முடியாது. நீதிபதியால் எப்படி முடியும்? நாகமானின் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். குனிவதற்கு மன்னிப்புக் கேட்டவர் அவரே. குனிந்தால்தான் படைத்தலைவர் என்று எலிசா நிபந்தனை போடவில்லை.

தேசப் பாதுகாப்பை இதற்குள் கொண்டுவருவதும் புதிதல்ல. அமெரிக்காவில் யெகோவாவின் சாட்சிகள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்தார்கள். 1940இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது. தேச ஒற்றுமை இல்லாமல் தேசப் பாதுகாப்பு இல்லை என்பது நீதிபதி பெலிக்ஸ் பிராங்க்பர்ட்டரின் வாதம். தீர்ப்புக்குப் பிறகு அந்தச் சபையார் ஊர் ஊராகத் தாக்கப்பட்டார்கள். மூன்றே வருடத்தில், 1943 ஜூன் 14 அன்று, அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. அப்போது உலகப் போர் உச்சத்தில் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. கட்டாய வணக்கத்தைக் கைவிட்டதால் அமெரிக்கா போரில் தோற்றுவிடவில்லை.

நம் உச்ச நீதிமன்றமே 1986இல் இதைவிட அழகாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கேரளத்தில் அதே சபையைச் சேர்ந்த பிஜோ, பினு மோள், பிந்து என்ற மூன்று பிள்ளைகள், தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். பள்ளி அவர்களை வெளியேற்றியது. நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். எழுந்து நிற்பதே மரியாதைதான், பாடியாக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். பள்ளிப் பிள்ளையும் ராணுவ அதிகாரியும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நிற்பது வேறு, வணங்குவது வேறு என்று அந்தத் தீர்ப்புக்குத் தெரிந்திருந்தது.

பண்டிகைக்கும் பாதுகாப்புக்கும் உண்மையான உறவு எங்கே என்று கேட்டால் நான் இலங்கையைக் காட்டுவேன். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், மூன்று ஹோட்டல்கள். 250க்கும் அதிகமானோர் இறந்தார்கள். சீயோனில் இறந்தவர்களில் ஓய்வுநாள் பள்ளிக்கு வந்த குழந்தைகளும் உண்டு. தாக்குதல் வரப்போகிறது என்று இந்திய உளவுத்துறை முன்பே எச்சரித்திருந்தது. கேட்டவர்கள் எழுந்து செயல்படவில்லை. அந்த அலட்சியத்துக்காக முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 12 அன்று உத்தரவிட்டது. பண்டிகை நாளில் அரசு காக்க வேண்டியது வாசலை. உள்ளே யார் கைகூப்புகிறார், யார் கூப்பவில்லை என்று கணக்கெடுப்பதால் எந்த உயிரும் காப்பாற்றப்படாது.

நெய்வேலிக்காரருக்கு இது எளிதாகப் புரியும். நாங்கள் பாதுகாப்பு வளையத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவர்கள். சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் காவல் சி.ஐ.எஸ்.எப். படை. வாசலில் பாஸைப் பார்ப்பார்கள், பையைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்ப்பார்கள். உள்ளே போகிறவன் பங்குனி உத்திரத்துக்கு வில்லுடையான்பட்டு முருகனுக்குக் காவடி எடுத்தவனா, தைப்பூசத்துக்கு வடலூரில் ஜோதி பார்த்தவனா, நோன்பு திறந்தவனா, குருத்தோலை பிடித்தவனா என்று கேட்டதில்லை. 1956இல் நிறுவனம் தொடங்கியது முதல் எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்த ஆட்கள் இங்கே கரி வெட்டினார்கள். பக்கத்தில் நிற்பவன் பிரேக்கைச் சரியாகப் பிடிப்பானா என்பதுதான் அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

விசுவாசம் உறுதியாக இருக்கிறவர்களால் அடுத்தவரை அனுசரிக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். நான் கண்டது நேர்மாறு.

டிசம்பரில் கிறிஸ்துமஸும் ஐயப்பன் சீசனும் ஒன்றாக வரும். எங்கள் வீட்டில் பிரியாணி வாசனை தெருமுனை வரை போகும் நாளில், சுரங்கத்தில் கற்பூரத் தட்டைத் திருப்பிவிட்ட அதே மனிதர், கறுப்பு வேட்டியும் கழுத்தில் துளசி மாலையுமாக எங்கள் வாசலில் வந்து நிற்பார். அப்பா கூப்பிட்டதால் வராமல் இருக்க மாட்டார். வந்தால் எதையும் தொட முடியாது. ஒரு வருடம் அம்மா என்ன செய்வதென்று தெரியாமல் கேக் தட்டோடு நின்றார்.

பொரிப் பொட்டலத்தை வாசலிலேயே தடுத்து வைத்த பாட்டி அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தார். "பரண்ல புதுப் பாத்திரம் இருக்கு, எடு. கறி பட்ட கரண்டியப் போடாத. சாமிக்கு எலுமிச்சம்பழ சாதம் கிண்டிக் குடு."

இன்னொரு மதத்து விரதக்காரரைப் பாட்டி 'சாமி' என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். படைத்தது எது, தொடக் கூடாதது எது என்று ஆயுசு முழுக்கக் கணக்கு வைத்திருந்தவருக்குத்தான் மாலை போட்டவரின் கணக்கும் உடனே புரிந்தது. வந்தவர் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார். பாட்டி ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்து, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.

(தொடரும்)