நாலு லட்ச ரூபாய் ஸ்ட்ரீமர் நன்றாகப் பாடுமா?

10,000 ரூபாய்க்கும் ஸ்ட்ரீமர் கிடைக்கிறது, சில லட்சங்களுக்கும் கிடைக்கிறது. இணையத்திலிருந்தோ வீட்டு ஹார்ட் டிஸ்கிலிருந்தோ பாட்டை எடுத்து ஆம்ப்ளிஃபயர் பக்கம் அனுப்புவதுதான் இரண்டுக்கும் வேலை. விலை ஏற ஏறக் குரல் முன்னுக்கு வரும், மேடை விரியும் என்பது ஷோரூம் பேச்சு.

பாட்டு வீட்டுக்கு வந்து சேர்வது வெறும் எண்களாக. வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தாலும் சிதைந்தாலும் மறுபடி அனுப்பச் சொல்லி வாங்குவது டிசிபி நெறிமுறையின் வேலை. ஸ்ட்ரீமரின் விலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வால்யூம், ஈக்வலைசர் எதையும் தொடாமல் விட்டால், இரண்டு பெட்டிகளின் டிஜிட்டல் அவுட்டிலும் வருவது ஒரே எண்கள். அவற்றை ஒலிக்கான மின் அலையாக்குவது டாக் (DAC) என்ற கருவி. தனியாக டாக் வைத்திருப்பவரிடம் அடுத்து ஜிட்டர் பற்றிப் பேசுவார்கள். எண்கள் வரும் நேரத்தில் உண்டாகும் சிறு தடுமாற்றம் அது. இன்றைய நல்ல டாக்குகள் அதைத் தாமே சீராக்கிவிடுகின்றன. யுஎஸ்பி வழியே மின் இரைச்சல் நுழைவது மட்டும் நிஜம்தான். ஆப்டிகல் கேபிள் போட்டால் மின் தொடர்பே அறுந்துவிடும், செலவு சில நூறு ரூபாய்.

ஸ்ட்ரீமருக்குள் இருக்கும் டாக்கையே நம்பினால் கதை கொஞ்சம் மாறும். மட்டமான அனலாக் பகுதி இரையும். ஆனால் கௌரவமான ஒரு டாக்கைத் தாண்டிய பிறகு கொடுக்கும் பணம் அலுமினியப் பெட்டிக்கும் பெயருக்கும்தான் பெரும்பாலும் போகிறது என்பது என் கணிப்பு. அழகான பெட்டி வேண்டுமென்று வாங்குவதில் தப்பில்லை. காதுக்கு என்று சொல்லி விற்பதுதான் உறுத்துகிறது.

காதை நம்பலாமா என்று சோதிக்க வழி உண்டு. 2007-ல் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் மேயரும் மோரனும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தர டிஸ்க்கின் ஒலியை அப்படியே ஒரு தடவையும், 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்ற சிடி தரத்துக்குக் குறுக்கி ஒரு தடவையும் கேட்கவைத்தார்கள். 554 முறையில் எது எது என்று சரியாகச் சொன்னது 276. பூவா தலையா போட்டாலும் அவ்வளவு வரும். சில டிஸ்க்குகளின் மூலப்பதிவே உயர்தரமல்ல என்ற விமர்சனம் இதற்கு உண்டு. ஆனாலும் சோதிக்கும் முறையை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இரண்டு ஸ்ட்ரீமர்களின் ஒலி அளவையும் மீட்டர் வைத்துச் சமமாக்குங்கள், ஏனென்றால் துளி சத்தம் கூடினாலே காது அதை நல்ல ஒலி என்று எடுத்துக்கொள்ளும். எது ஓடுகிறது என்று தெரியாமல் இன்னொருவர் மாற்றிப் போடட்டும். இதற்கு ஒப்பாத கடைக்காரரிடம் அவசரப்பட்டுப் பணம் கட்ட வேண்டாம்.

உண்மையான ஆபத்து ஒலியில் இல்லை, மென்பொருளில் இருக்கிறது. லாஜிடெக் தன் ஸ்க்வீஸ்பாக்ஸ் ஸ்ட்ரீமர்களுக்கான இணையச் சேவையை 2024-ல் மூடியது. ஆர்வலர்கள் பராமரிக்கும் இலவச சர்வர் மென்பொருளால்தான் அந்தப் பெட்டிகள் இன்னும் பாடுகின்றன. சோனோஸ் 2020-ல் பழைய கருவிகளுக்குப் புதிய அப்டேட்டுகளை நிறுத்தியது. ஸ்டுடியோ தரம் என்று கொண்டாடப்பட்ட எம்க்யூஏ வடிவத்தின் நிறுவனம் 2023-ல் நொடித்தது, மறு ஆண்டு டைடல் இசைச் சேவையும் அதைக் கைவிட்டது. ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை வருடம் அப்டேட் வரும் என்பது. பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். இறக்குமதிப் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பில் இல்லாமல் மலிவாகத் தருகிறேன் என்றால் வாரண்டியும் இருக்காது.

இந்தியாவில் 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாங்குபவர் பக்கம் வலுவாகவே நிற்கிறது. போதிய சோதனை இல்லாமல் ஒரு பொருளின் செயல்திறனுக்கு உத்தரவாதம் தருவது அதன்படி முறையற்ற வணிகம். சோதித்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்றவர் தலையில். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிக்கவில்லையென்றால் 30 நாட்களுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

ஆனால் ‘இசை உயிர்பெறும்’ போன்ற புகழ்ச்சியை வழக்காக்குவது கடினம். ‘இரைச்சலைப் பாதியாகக் குறைக்கும்’ என்றால் அது அளக்கக்கூடிய வாக்குறுதி. அதனால் விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட்டையும் கடைக்காரரின் வாட்ஸ்அப் பதில்களையும் அழிக்காதீர்கள்.

முதலில் விற்றவருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அசையவில்லையென்றால் 1915 என்ற உதவி எண். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள், ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். தேவைப்பட்டால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அப்படி அனுப்பினால் 5 மாதத்துக்குள் தீர்ப்புச் சொல்ல முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதற்கு மேலும் இழுக்கும்.