போடிமெட்டுப் பனியும் நாம் தவறவிட்ட பேய்ப் படங்களும்!

பொழுது விடிவதற்கு முன்பே போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் தூக்குவாளியை மடியில் வைத்தபடி நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலச்செடிக்கு நிழல் வேண்டும் என்பதால், தோட்டத்துக்குள் பகலிலும் பாதி இருட்டுதான். பேய்ப் படத்துக்கு இதைவிட நல்ல செட்டை யாராலும் போட முடியாது!

ஆனால், பேய் என்றாலே இப்போது காமெடிதான். 'காஞ்சனா', 'அரண்மனை' வரிசையின் வசூலில் நிஜமாகவே பயமுறுத்திய பல படங்கள் ஓரமாக ஒதுங்கிவிட்டன.

முதலில் பார்க்க வேண்டியது 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963). பாட்டு எல்லோருக்கும் தெரியும். படத்தை முழுசாகப் பார்த்தவர்கள் குறைவு. ஸ்ரீதர் இயக்கிய மறுபிறவிக் கதை. ஏழைப் பெண்ணைக் காதலிக்கிறான் ஜமீன்தாரின் மகன். அந்தஸ்து வெறி பிடித்த அப்பாவாக நம்பியார். காதல் கொலையில் முடிகிறது. இன்று செய்தித்தாளில் 'ஆணவக் கொலை' என்று படிக்கிறோமே, அதைத்தான் 60 வருடங்களுக்கு முன்பே பாழடைந்த மாளிகைக்குள் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். நம்பியார் வந்து நின்றாலே குலை நடுங்கும். அவருக்கு எதற்குப் பேய் மேக்கப்?

இந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் ஏ.வின்சென்ட். அடுத்த வருடமே மலைக்கு அந்தப் பக்கம் போய், வைக்கம் முகம்மது பஷீரின் கதையில் 'பார்கவி நிலையம்' (1964) என்ற மலையாளப் படத்தை இயக்கினார். அதுதான் இயக்குநராக அவருக்கு முதல் படம். பேய் வீட்டில் தனியாகக் குடியேறும் எழுத்தாளர், அந்தப் பேயோடு பேச ஆரம்பித்துவிடுகிறார். பயத்தைவிட பரிதாபம்தான் அதிகம் வரும். இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பாருங்கள்.

போடியிலிருந்து தேவாரம் வழியாகப் போனால், இளையராஜாவின் ஊரான பண்ணைப்புரம். அவர் இசையமைத்த 'உருவம்' (1991) பெரிதாகப் பேசப்படவே இல்லை. மைக் பிடித்துப் பாடியே பழகிய மோகனை, பார்க்கவே முடியாத முகத்தோடு காட்டினார் இயக்குநர் ஜி.எம்.குமார். 'மோகன் படம்' என்று நம்பிப் போனவர்களின் நிலைமையை நினைத்தால் பாவமாக இருக்கிறது! குழந்தைகளோடு பார்க்க வேண்டாம்.

ரஜினி ரசிகர்களே மறந்த படம் 'கழுகு' (1981). வீடு மாதிரி வசதியுள்ள வேனில் ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் நரபலிக் கும்பலிடம் மாட்டிக்கொள்கிறார்கள். மாதவனின் 'யாவரும் நலம்' (2009) பெயரளவில் பலருக்கும் தெரியும். கடன் வாங்கி வாங்கிய புது ஃபிளாட். மதியம் ஒரு மணி சீரியலில் வருவதெல்லாம் அந்த வீட்டில் நடக்கும். சீரியல் பார்க்கும் அம்மாக்களோடு உட்கார்ந்து பார்த்தால் பயம் இரண்டு மடங்கு.

கடைசியாக 'பூதகாலம்' (2022). ரேவதியும் ஷேன் நிகமும் அம்மா, மகன். பாட்டி இறந்த பிறகு மகனுக்கு மட்டும் ஏதேதோ கேட்கிறது. அவனுக்கு மனநோய் என்கிறார்கள். 'எனக்கு நடக்கிறதை நீயாவது நம்பும்மா' என்ற அவனுடைய தவிப்புதான் படம். பேய் வருவதற்கு முன்பே தொண்டை அடைத்துவிடும்.

மலையேறுகிறவர்கள் முதல் நாளே டவுன்லோடு செய்துகொள்வது நல்லது. பாதி வளைவில் சிக்னல் போய்விட்டால், க்ளைமாக்ஸ் தெரியாமல் பனிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.