மோடமும் மாடிப் போனும்

1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கிற்று. பழந்தமிழ் நூல்கள் மைசூருக்கே வந்துடுமே என்று சில ஆண்டுகளில் நானும் ஒரு மோடம் வாங்கினேன். நூல் பாதி இறங்குமுன் இணைப்பு அறுந்துவிடும்.

மோடம் கணினியின் எண்களை ஒலியாக்கித் தொலைபேசிக் கம்பியில் அனுப்புவது. தொடக்கத்தில் கேட்ட அந்தக் கீச்சுச் சத்தம், இரு முனை மோடங்களும் வேகம் பேசித் தீர்ப்பது. 56 கிலோபிட்தான் உச்சம். அதில் வேறு சத்தம் கலந்தால் போச்சு!

ஆகவே முதலில் ரிசீவரை எடுத்துக் கேட்க வேண்டும். கரகரத்தால் கம்பிக் கோளாறு. டயல் டோன் சுத்தமாயிருந்தால், அதே லைனிலுள்ள மற்றப் போனைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நானோ புது மோடம் வாங்கினேன், தண்டச் செலவு.

மாடியில் அம்மா, வந்தவாசியிலிருந்து அக்கா போன் வரலியே என்று ரிசீவரை எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறார். எப்படி வரும்? லைனைப் பிடித்து வைத்திருந்தவன் நான்.

அப்புறம் அம்மா தூங்கின பிறகுதான் டயல் செய்வேன்.